வைரஸ் கல்லீரல் அழற்சியும் குடல்வாழ் நுண்ணுயிர்களும்

நம் நாட்டின் பொதுச் சுகாதாரப் பிரச்சினைகளுள் ஆரவாரமின்றி வளர்ந்து நிற்பது, வைரஸ்களால் உண்டாகும் நாட்பட்ட கல்லீரல் அழற்சியாகும். உலக சுகாதார நிறுவனம் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் பி வகை வைரஸ் தொற்றுடன் வாழ்ந்தோர் 2.98 கோடி பேர். சி வகைத் தொற்றுடன் வாழ்ந்தோர் 55 லட்சம் பேர். உலகில் இவ்விரு தொற்றுகளையும் கொண்டோரில் சுமார் 11.6 சதவிகிதத்தினர் இந்தியாவில் உள்ளனர். அவ்வாண்டில் மட்டும் வைரஸ் கல்லீரல் அழற்சியால் உலகெங்கும் சுமார் 13 லட்சம் பேர் மாண்டனர்.

இந்நோய் பெரும்பாலும் உழைக்கும் வயதினரைத் தாக்குவது. குடும்பத்தின் வருவாய்க்குரியவர் நோயுறும்போது, வருவாய் நிற்பதும் செலவு பெருகுவதும் ஒருங்கே நிகழ்கின்றன. எனவே இதனை மருத்துவப் பிரச்சினையாக மட்டுமன்றி, வளர்ச்சிப் பிரச்சினையாகவும் கருதுவதே பொருந்தும்.

கடந்த பதினைந்து ஆண்டுகளாக இந்நோய் குறித்த ஆராய்ச்சியில் ஒரு புதிய துறை முன்னணிக்கு வந்துள்ளது. கல்லீரல் நோயுற்றோரின் குடலில் வாழும் பாக்டீரியாக்களின் வகையும் அளவும் மாறிவிடுகின்றன என்பதும், அம்மாற்றம் நோயின் போக்கையே பாதிக்கக்கூடும் என்பதும் அத்துறையின் முடிவுகளாகும். அவற்றுள் உறுதிப்பட்டவை எவை, இன்னும் ஆய்வு நிலையில் உள்ளவை எவை, பொது நிதியும் குடும்பத்தின் பணமும் முதலில் எதற்குச் செலவாக வேண்டும் என்பன தெளிவாக அறியத்தக்கவை.

நோயின் இயல்பு

பி வகை வைரஸை அறிவதற்கு வழிவகுத்தவர் அமெரிக்க விஞ்ஞானி பரூக் பிளம்பெர்க். அவருக்கு 1976-ல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவர் பிறந்த நாளான ஜூலை 28 உலகக் கல்லீரல் அழற்சி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. சி வகை வைரஸ் 1989-ல் இனங்காணப்பட்டது. அதற்குக் காரணமான ஆராய்ச்சிகளுக்காக ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் ஆகிய மூவர் 2020-ல் நோபல் பரிசு பெற்றனர்.

இரு வைரஸ்களும் இரத்தத்தின் வழியே பரவுகின்றன. தூய்மை செய்யப்படாத ஊசி, பரிசோதிக்கப்படாத இரத்தம், ஒருவர் பயன்படுத்திய சவரக்கத்தி ஆகியன இவற்றுக்கு வாயில்களாகும். பி வகை, பாலுறவின் மூலமும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் எளிதில் செல்லக் கூடியது. குழவிப் பருவத்தில் இத்தொற்றைப் பெறுவோரில் சுமார் 95 சதவிகிதத்தினருக்கு அது நாட்பட்ட நோயாக நிலைத்து விடுகிறது. வயது வந்தபின் பெறுவோரில் 5 சதவிகிதத்திற்கும் குறைவானோருக்கே அவ்வாறு நிலைக்கிறது.

தொற்று நிலைத்தபின் பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் கூட வெளிப்படையான அறிகுறி ஏதும் தோன்றாதிருக்கலாம். அக்காலத்தில் கல்லீரலின் உயிரணுக்கள் சிறிது சிறிதாக அழிந்து, அவ்விடங்களில் நார்த்திசு வளர்கிறது. முடிவில் கல்லீரல் இறுகிச் சுருங்குகிறது. மருத்துவர்கள் சிரோசிஸ் என்று குறிப்பிடும் இந்நிலையில்தான் மகோதரம், இரத்த வாந்தி, அறிவு மயக்கம் ஆகியன தோன்றுகின்றன. சிலருக்குக் கல்லீரல் புற்றுநோயும் உண்டாகிறது.

குடலுக்கும் கல்லீரலுக்கும் உள்ள தொடர்பு

கல்லீரல் பெறும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு, குடலிலிருந்து வாயிற்சிரை என்னும் பெருங்குழாய் வழியாக வருவது. உண்ட உணவின் சத்துகளில் பெரும்பாலானவை முதலில் கல்லீரலைச் சென்றடைவதும் இவ்வழியிலேதான். அச்சத்துகளுடன், குடலில் வாழும் நுண்ணுயிர்கள் வெளிவிடும் பொருள்களும் சேர்ந்து செல்கின்றன. அவற்றை வடிகட்டித் தீயன அகற்றும் பணியைக் கல்லீரலில் உள்ள குப்பர் உயிரணுக்கள் ஆற்றுகின்றன. ஒரு நகரின் சுங்கச் சாவடியை ஒத்த பணி இது. மறுபுறம் கல்லீரல் தான் சுரக்கும் பித்தநீரைக் குடலுக்கு அனுப்புகிறது. ஆக, இரு உறுப்புகளுக்கும் இடையே போக்குவரத்து இருவழியாக நடைபெறுகிறது.

மனித உடலில் வாழும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை சுமார் 38 லட்சம் கோடி எனவும், அது மனிதனின் சொந்த உயிரணுக்களின் எண்ணிக்கைக்கு ஏறத்தாழச் சமம் எனவும் 2016-ல் வெளியான ஒரு கணக்கீடு தெரிவிக்கிறது. இவற்றுள் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்பவை. நாம் செரிக்க இயலாத நார்ப்பொருளை இவை நொதிக்கச் செய்து, பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடற் சுவரின் உயிரணுக்களுக்கு இந்தப் பியூட்டிரேட்டே முதன்மையான எரிபொருள். அது குறைந்தால் குடற்சுவரின் கட்டுக்கோப்பு தளர்கிறது. சில வைட்டமின்களை ஆக்குவதும், பித்த அமிலங்களை வேறு வடிவங்களாக மாற்றுவதும், நோய்க் கிருமிகளுக்கு இடங்கொடாது தடுப்பதும் இவற்றின் பிற பணிகளாகும்.

நோயுற்றோரிடம் காணப்படும் மாற்றங்கள்

சீனாவின் ஹாங்சௌ நகர ஆராய்ச்சியாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெரிதும் மேற்கோள் காட்டப்படுவது. கல்லீரல் சுருக்கம் கொண்ட 98 பேரின் மலத்தையும், நலமுள்ள 83 பேரின் மலத்தையும் அவர்கள் மரபணு முறையில் ஒப்பிட்டனர். நோயாளிகளில் பெரும்பாலோர் பி வகைத் தொற்று உடையவர்கள். நோயாளிகளிடம் மிகுந்து காணப்பட்ட பாக்டீரியா இனங்களில் 54 சதவிகிதம், இயல்பாக வாயில் வாழ்பவை என்பது தெரியவந்தது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ், வெய்லோனெல்லா என்பன அவற்றுள் முக்கியமானவை. வாயில் இருக்க வேண்டிய குடிகள் கீழே இறங்கிக் குடலில் குடியேறி விட்டன என்று இதற்குப் பொருள். அதேசமயம், பியூட்டிரேட் உற்பத்தி செய்யும் நல்லினங்கள் குறைந்திருந்தன.

சி வகைத் தொற்றைப் பற்றி ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வு, 166 நோயாளிகளையும் நலமுள்ள 23 பேரையும் ஒப்பிட்டது. நோய் முற்ற முற்றக் குடல்வாழ் பாக்டீரியாக்களின் பல்வகைமை குறைந்து சென்றது. இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் இயல்பான அளவில் இருந்தவர்களிடமும் இம்மாற்றம் தொடங்கியிருந்தது என்பது கருதத்தக்கது. நோய் முற்றியோரிடம் மிகுந்திருந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனங்கள் யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்கும் ஆற்றல் உடையவை. இதன் முக்கியத்துவம் பின்னர் விளங்கும்.

மாற்றத்தின் காரணமும் விளைவும்

இம்மாற்றங்களுக்குப் பல காரணங்கள் உள்ளன. பித்த அமிலங்களுக்குக் கிருமிகளை அடக்கும் தன்மை உண்டு. நலிந்த கல்லீரல் போதிய பித்தத்தைச் சுரப்பதில்லை. ஆதலால் வாயிலிருந்து இறங்கும் பாக்டீரியாக்கள் அழியாது தப்பிக்கின்றன. குடலின் அசைவு மந்தமடைவதால் கிருமிகள் சிறுகுடலிலும் பெருகுகின்றன. உடலின் எதிர்ப்பாற்றல் குன்றுவதும், அடிக்கடி உட்கொள்ளப்படும் கிருமிக்கொல்லி மருந்துகளும், இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளும் இதற்குத் துணைசெய்கின்றன.

விளைவுகள் மூன்று வகைப்படும். முதலாவது, குடற்சுவரின் கட்டுக்கோப்பு தளர்வதால், பாக்டீரியாக்களின் மேலுறையில் உள்ள நச்சுப்பொருள் வாயிற்சிரை வழியே கல்லீரலை மிகுதியாகச் சென்றடைகிறது. அங்குள்ள உயிரணுக்கள் அதனை எதிர்த்துக் கிளர்ந்தெழுவதால் அழற்சி மிகுந்து, நார்த்திசு வளர்ச்சி விரைவுபடுகிறது. இரண்டாவது, பாக்டீரியாக்களே குடலைக் கடந்து, மகோதர நீரில் தொற்றை உண்டாக்குகின்றன. இது உயிருக்கு ஆபத்தானது. மூன்றாவது, பாக்டீரியாக்கள் ஆக்கும் அம்மோனியாவை நலிந்த கல்லீரலால் அகற்ற இயலாமற் போகிறது. அது மூளையை அடைந்து உறக்க மாற்றம், தடுமாற்றம், கைநடுக்கம், நினைவிழத்தல் ஆகியவற்றை உண்டாக்குகிறது.

இவ்வாறு கல்லீரல் நலிவு குடலைக் கெடுக்க, குடலின் கேடு கல்லீரலை மேலும் நலியச் செய்கிறது. ஒன்றையொன்று வளர்க்கும் இச்சுழலை உடைப்பது எவ்வாறு என்பதே மருத்துவர்கள் முன்னுள்ள வினாவாகும்.

எனினும் ஓர் எச்சரிக்கை அவசியம். மேலே கண்ட ஆய்வுகள் இரு குழுக்களை ஒரு காலகட்டத்தில் ஒப்பிட்டவை. இரண்டு பொருள்கள் சேர்ந்து காணப்படுவதால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. நோயாளியின் உணவும், அவர் உட்கொள்ளும் மருந்துகளும் கூடப் பாக்டீரியாக்களை மாற்றக்கூடியவை. சீனாவிலும் ஜப்பானிலும் கண்ட முடிவுகளை, பருப்பும் தயிரும் சிறுதானியமும் உண்ணும் இந்திய மக்களுக்கு அப்படியே பொருத்துவதும் சரியன்று.

சிகிச்சையில் இதுவரை கண்ட பயன்

குடல்வாழ் நுண்ணுயிர்களைக் கருதிச் செய்யப்படும் சிகிச்சைகளுள் உறுதிப்பட்ட பயன் தருபவை, மேற்கூறிய மூளைத் தடுமாற்றத்திற்கான மருந்துகளே. இவற்றுள் லாக்டுலோஸ் என்னும் சர்க்கரைப் பாகு பழமையானது. 1960-களிலேயே பயனுக்கு வந்தது. இது மலத்தை இளக்கி, குடலின் அமிலத் தன்மையைக் கூட்டி, அம்மோனியா இரத்தத்தில் சேர்வதைக் குறைக்கிறது.

இம்மருந்து குறித்த சிறந்த சான்றுகளுள் ஒன்று நம் நாட்டிலேயே கிடைத்தது. புது தில்லியின் ஜி.பி. பந்த் மருத்துவமனையில் நடைபெற்று 2009-ல் வெளியான ஆய்வில், ஒருமுறை மூளைத் தடுமாற்றம் கண்டு தேறியவர்கள் இரு பிரிவினராகப் பிரிக்கப்பட்டனர். லாக்டுலோஸ் உட்கொண்ட 61 பேரில் 12 பேருக்கே அது மீண்டும் வந்தது. உட்கொள்ளாத 64 பேரில் 30 பேருக்கு வந்தது. குடலிலேயே தங்கிச் செயற்படும் ரிஃபாக்சிமின் என்னும் கிருமிக்கொல்லி பற்றி 2010-ல் வெளியான ஆய்வொன்றில், ஆறு மாதங்களில் மீண்டும் தடுமாற்றம் கண்டோர் 22.1 சதவிகிதம், வெற்று மாத்திரை உட்கொண்டோரில் அது 45.9 சதவிகிதம்.

நல்ல பாக்டீரியாக்களையே மருந்தாகக் கொடுக்கும் முறையும் ஆராயப்பட்டுள்ளது. சண்டிகரிலுள்ள மருத்துவப் பட்ட மேற்படிப்பு மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தினர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில் கல்லீரல் சுருக்கம் கொண்ட 130 பேர் இடம்பெற்றனர். பாக்டீரியாக் கலவை உட்கொண்டோரில் 19.7 சதவிகிதத்தினரும், வெற்றுப் பொடி உட்கொண்டோரில் 42.2 சதவிகிதத்தினரும் மூளைத் தடுமாற்றத்திற்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட வேண்டியதாயிற்று. ஆயினும் அது குறிப்பிட்ட ஒரு கலவை, குறிப்பிட்ட அளவில், மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கப்பட்டது. கடைகளில் விற்கும் எல்லா உறைமாத்திரைகளுக்கும் அப்பயனை ஏற்றிக் கூறுதல் முறையாகாது. பாக்டீரியாக் கலந்த உணவுப் பொருள்களை மதிப்பிடுவதற்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2011-ல் நெறிமுறைகளை வகுத்தன. இனத்தின் பெயர், உயிருள்ள நுண்ணுயிர்களின் அளவு, மனிதரிடம் கண்ட பயன் ஆகியவற்றுக்குச் சான்று வேண்டுமென்பது அவற்றின் சாரம்.

நலமுள்ளவரின் மலத்திலிருந்து நுண்ணுயிர்களை நோயாளியின் குடலில் சேர்க்கும் முறையும் சோதனையில் உள்ளது. வைரஸ் கல்லீரல் அழற்சியில் இது மிகச் சிலரிடமே செய்து பார்க்கப்பட்டுள்ளது. வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கும் நிலையை எய்தவில்லை.

வைரஸ் நீங்கினால் குடல் சீர்ப்படுமா?

சி வகை வைரஸை முற்றிலும் அகற்ற இன்று மருந்துகள் உள்ளன. வைரஸ் நீங்கியபின் குடல்வாழ் பாக்டீரியாக்கள் பழைய நிலையை அடைகின்றனவா என்று பல நாடுகளில் ஆராயப்பட்டது. முடிவுகள் ஒருபடித்தானவை அல்ல. சில ஆய்வுகளில் ஓரளவு சீர்திருத்தம் காணப்பட்டது. அமெரிக்காவில் 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், கல்லீரல் சுருக்கம் அடைந்தோரிடம் வைரஸ் நீங்கிய பின்னும் மாற்றம் நீடித்தது. நார்த்திசு வளர்ச்சி குறைவாக இருக்கும் கட்டத்தில் வைரஸை அகற்றினால் குடல் சீர்ப்படும் வாய்ப்பு மிகுதி என்றே இம்முடிவுகளை இணைத்து நோக்குங்கால் தோன்றுகிறது.

பொருளாதாரத் திட்டமிடுவோர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. தொடக்கத்தில் ஓர் எளிய இரத்தப் பரிசோதனையும் பன்னிரண்டு வார மாத்திரையும் போதுமானவையாக இருந்த இடத்தில், காலந்தாழ்த்தினால் வாழ்நாள் முழுவதும் மருந்தும், மீண்டும் மீண்டும் மருத்துவமனை வாசமும், சிலருக்குக் கல்லீரல் மாற்று அறுவையும் தேவையாகின்றன. வைரஸ் அகன்றாலும் குடலும் கல்லீரலும் அடைந்த சேதம் எஞ்சி நிற்கிறது.

நாடு தழுவிய முயற்சிகள்

சி வகைக்குரிய சோஃபோஸ்புவிர் மாத்திரை 2013-ன் இறுதியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது, பன்னிரண்டு வாரச் சிகிச்சையின் விலை 84,000 டாலர். 2014-ல் இந்திய நிறுவனங்கள் உரிமம் பெற்று இதனை உற்பத்தி செய்யத் தொடங்கியபின் விலை பெருமளவு வீழ்ந்தது. இவ்வாய்ப்பை முதலில் பெரிய அளவில் பயன்படுத்திக் கொண்ட மாநிலம் பஞ்சாப். 2016 ஜூன் மாதம் அம்மாநில அரசு முதலமைச்சர் நிவாரண நிதித் திட்டமொன்றின் கீழ் இலவசச் சிகிச்சையைத் தொடங்கியது. சண்டிகர் நிறுவனத்தின் வழிகாட்டுதலுடன், 22 மாவட்ட மருத்துவமனைகளிலும் 3 மருத்துவக் கல்லூரிகளிலும் பணிபுரியும் பொது மருத்துவர்களே சிகிச்சையளித்தனர். சிகிச்சையை முடித்துப் பரிசோதனைக்கு வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமடைந்தனர். சிறப்பு மருத்துவர் இல்லாத இடத்திலும் இப்பணி இயலும் என்பதை இது மெய்ப்பித்தது.

2018 ஜூலை 28 அன்று மத்திய அரசு தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 2030-க்குள் சி வகையை ஒழிப்பதும், பி வகையால் நேரும் நோயையும் மரணத்தையும் குறைப்பதும் இதன் நோக்கங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். பி வகை வைரஸை முற்றாக அகற்றும் மருந்து இல்லை. எனினும் டெனோஃபோவிர் போன்றவை அதனை அடக்கி வைக்கின்றன.

பி வகைக்குத் தடுப்பூசி உண்டு என்பது பெரும்பேறு. 1997-ல் ஹைதராபாத் நிறுவனமொன்று இதனை உள்நாட்டிலேயே தயாரித்தபின் விலை குறைந்தது. 2002-03-ல் முன்னோடித் திட்டமாகத் தொடங்கப்பட்டு, 2011-ல் நாடு முழுவதற்குமான குழந்தைத் தடுப்பூசித் திட்டத்தில் இது இடம்பெற்றது. பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் தவணை கொடுக்கப்படுதல் மிக முக்கியம்.

ஆயினும் அறியப்படாத நோயாளிகளே இன்னும் மிகுதி. 2022-ன் இறுதியில் உலக அளவில் பி வகைத் தொற்று உடையோரில் 13 சதவிகிதத்தினருக்கும், சி வகை உடையோரில் 36 சதவிகிதத்தினருக்குமே நோய் கண்டறியப்பட்டிருந்தது. தன் உடலில் வைரஸ் இருப்பதை அறியாத ஒருவர், செரிமானக் கோளாறு என எண்ணிக் குடலுக்கான பொடிகளுக்கும் டானிக்குகளுக்கும் பணம் செலவிடுவது வீண் செலவு மட்டுமன்று. கிடைத்தற்கரிய காலத்தையும் இழப்பதாகும். மலத்தின் பாக்டீரியாக்களை வகைப்படுத்திக் காட்டும் விலையுயர்ந்த பரிசோதனைகள் ஆராய்ச்சிக்கு உதவுவன. சிகிச்சையைத் தீர்மானிக்க அவை இன்று தேவைப்படுவதில்லை.

அன்றாட நடைமுறையில்

ஆராய்ச்சி முடிவுகளிலிருந்து நோயாளிகளும் சுகாதாரப் பணியாளர்களும் இன்றே கைக்கொள்ளத்தக்கவை சில உள்ளன.

1. இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், முறையற்ற ஊசிகளுக்கு உட்பட்டவர்கள், கருவுற்ற தாய்மார்கள், நோயாளியின் குடும்பத்தினர் ஆகியோர் பி, சி பரிசோதனைகளைச் செய்துகொள்ள வேண்டும்.

2. மருத்துவர் சீட்டின்றிக் கிருமிக்கொல்லி மருந்துகளை உட்கொள்ளலாகாது. அவை தீயனவற்றுடன் நல்லினங்களையும் அழிப்பவை. வாயுத் தொல்லைக்கென்று ஆண்டுக்கணக்கில் அமிலக் குறைப்பு மாத்திரை உட்கொள்வதும், கல்லீரல் சுருக்கம் உள்ளோர்க்குத் தொற்று அபாயத்தைக் கூட்டுகிறது. எனினும் மருத்துவர் கொடுத்த மருந்தைத் தாமாக நிறுத்தவும் கூடாது.

3. கல்லீரல் நோயாளிக்குப் புரதம் ஆகாது என்னும் பழங்கருத்து கைவிடப்பட்டுள்ளது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை. பருப்பு, பால், தயிர் ஆகியவை ஏற்றவை. இரவில் நெடுநேரம் வெறும் வயிறாக இராமல், உறங்குமுன் சிற்றுண்டி கொள்வது நன்று.

4. மலச்சிக்கல் மூளைத் தடுமாற்றத்தைத் தூண்டும். லாக்டுலோஸ் கொடுக்கப்பட்டவர்கள் நாளொன்றுக்கு இரண்டு, மூன்று முறை மலம் கழியுமாறு அளவை அமைத்துக்கொள்ள வேண்டும். உறக்கம் தலைகீழாவது, பேச்சுக் குழறுவது ஆகியவற்றை வீட்டார் கவனித்து உடனே மருத்துவரை அணுகுதல் வேண்டும்.

5. பல், ஈறு ஆகியவற்றின் தூய்மையைப் புறக்கணிக்கலாகாது. வாயின் பாக்டீரியாக்கள் குடலை அடைகின்றன என்பது முன்னரே கூறப்பட்டது. அமெரிக்காவில் 2018-ல் வெளியான ஆய்வில், ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்ற கல்லீரல் நோயாளிகளிடம் இரத்தத்தில் சேரும் பாக்டீரிய நச்சு குறைந்தது.

6. மது அறவே கூடாது. அது கல்லீரலையும் குடற்சுவரையும் ஒருங்கே சிதைப்பது.

முடிவுரை

குடல்வாழ் நுண்ணுயிர்களைப் பற்றிய அறிவு, வருங்காலத்தில் புதிய சிகிச்சைகளுக்கு வழிகோலக்கூடும். நம் நாட்டின் பல்வேறு உணவு வழக்கங்களையும் கருத்திற்கொண்டு, இந்திய நோயாளிகளிடம் விரிவான ஆய்வுகளை மேற்கொள்ளுதல் அதற்கு முதற்படியாகும். அதேவேளையில், இத்துறை இதுவரை உணர்த்தியுள்ள உண்மை நடைமுறைக்கு உகந்தது. கல்லீரல் இறுகுமுன் வைரஸைக் கண்டறிந்து அடக்குவதே குடலையும் காக்கும் வழியாகும். தடுப்பூசி, தூய ஊசி, பரிசோதனை, இலவச மருந்து என்னும் நான்கும் மாவட்ட மருத்துவமனையைக் கடந்து ஆரம்ப சுகாதார நிலையம் வரை சென்றடைய வேண்டும். அப்போதுதான் 2030-க்கென வகுக்கப்பட்ட இலக்கு கைகூடும். பல லட்சம் குடும்பங்கள் நோயினின்றும் கடனினின்றும் காக்கப்படும்.